கோட் எடிட்டரில் சொந்த ஷார்ட்கட்: கட்டளையை இணைப்பதா, விசைகளைப் பதிவு செய்வதா?

தமிழ்நாட்டின் 38 மாவட்டப் பெயர்கள் ஓர் எக்செல் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அவற்றை ஓர் எஸ்கியூஎல் வினவலுக்குள், அதாவது தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் கட்டளைக்குள், கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு பெயரின் இரு பக்கமும் ஒற்றை மேற்கோள், கடைசியில் காற்புள்ளி. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் அதைக் கையாலேயே செய்துகொண்டிருந்தார். ஹோம், மேற்கோள், எண்ட், மேற்கோள், காற்புள்ளி, கீழம்பு. ஒரு பெயருக்கு ஆறு அழுத்தல். 38 பெயருக்கு 228. நடுவில் ஒரு வரியில் காற்புள்ளி விட்டுப்போனது. ஆனாலும் வினவல் ஓடியது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் இரண்டுமே அடுத்தடுத்த வரிகளில் காற்புள்ளி இல்லாமல் நிற்கும் இரண்டு சரங்களை (மேற்கோளுக்குள் உள்ள உரைகளை) ஒட்டி ஒரே சரமாக்கிவிடும். மதுரையும் தேனியும் சேர்ந்து 'மதுரைதேனி' ஆகிவிட்டன. அப்படி ஒரு மாவட்டம் இல்லாததால், அறிக்கையிலிருந்து இரண்டு மாவட்டங்கள் சத்தமில்லாமல் காணாமல் போயின.

"அக்கா, இதையெல்லாம் ஒரே விசையில் செய்ய முடியாதா?" என்று கேட்டார்.

முடியும், அதுவும் நான்கைந்து விதமாக முடியும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒருவர் விம் என்ற எடிட்டரைக் கற்றுக்கொள் என்பார், இன்னொருவர் விசை அழுத்தல்களைத் தானே அனுப்பும் ஆட்டோஹாட்கீ போதும் என்பார், மூன்றாமவர் எடிட்டரோடு சேர்க்கும் ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷனின் பெயரைச் சொல்வார். மூன்றும் வெவ்வேறு வேலைக்கான கருவிகள்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசையை அழுத்தும்போது எடிட்டருக்குப் போய்ச் சேர்வது என்ன என்று பாருங்கள். சில வழிகளில் பெயருள்ள ஒரு கட்டளை போகிறது. தேர்ந்தெடுத்த சொல்லைப் பெரிய எழுத்தாக்கு, இந்த வரியை அடுத்த வரியோடு சேர் என்பது போல. என்ன கேட்கிறோம் என்பது எடிட்டருக்குத் தெரியும். வேறு சில வழிகளில் விரலின் அசைவுகள் மட்டும் போகின்றன. ஹோம் போ, மேற்கோள் போடு, எண்ட் போ. நம் நோக்கம் என்ன என்பது எடிட்டருக்குத் தெரியாது. வரி நாம் நினைத்தபடி அமைந்திருந்தால் சரியாக முடியும், இல்லையென்றால் தவறாக முடியும். நாள்தோறும் பயன்படப்போகும் ஷார்ட்கட் முதல் வகையில் இருக்க வேண்டும். இன்று ஒரு நாள் வேலைக்கு இரண்டாவது வகை தாராளமாகப் போதும்.

புதிய ஷார்ட்கட்டே தேவையில்லாத இடங்கள்

இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது விஎஸ் கோட் எடிட்டர் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சொந்தமாக ஷார்ட்கட் அமைக்க வருபவர்களில் பாதிப் பேருக்குத் தேவையானது அதில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு மேற்கோள் குறியையோ அடைப்புக்குறியையோ அழுத்தினால், சொல் அழியாமல் குறி இரு பக்கமும் வந்து சூழ்ந்துகொள்ளும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு மேலம்பையோ கீழம்பையோ அழுத்தினால் வரி இடம் மாறும். கூடவே ஷிஃப்ட்டையும் பிடித்தால் வரியின் நகல் உருவாகும். கன்ட்ரோல்+டி அழுத்த அழுத்த, அதே சொல் வரும் அடுத்தடுத்த இடங்களில் எல்லாம் ஒரு கர்சர் முளைக்கும்.

அந்த மாவட்டப் பட்டியலுக்கும் இதுவே போதுமாக இருந்தது. 38 வரிகளையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்+ஆல்ட்+ஐ அழுத்தினால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கர்சர் நிற்கும். மேற்கோள், காற்புள்ளி, ஹோம், மேற்கோள். முடிந்தது. ஐந்தாறு அழுத்தலில் 38 வரியும் ஒரே மாதிரி மாறுகின்றன. ஒரு வரியில் மட்டும் காற்புள்ளி விட்டுப்போக வழியே இல்லை. நான் இதைச் செய்து காட்டியபோது அவர் உடனே நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். எனக்கும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டியதுதான் இது. மெனுவில் தேடி யாரும் கண்டுபிடிப்பதில்லை.

பெயருள்ள கட்டளையை ஒரு விசையோடு இணைப்பது

விஎஸ் கோட்டில் எவ்வளவோ கட்டளைகள் விசை எதுவும் ஒதுக்கப்படாமலேயே கிடக்கின்றன. பெரிய எழுத்தாக்குவது, சிறிய எழுத்தாக்குவது, அடிக்கோடு போட்டுச் சொற்களை இணைத்த பெயரை (bill_no) ஒட்டகப் பாணிக்கு (billNo) மாற்றுவது, வரிகளை அகரவரிசைப்படுத்துவது ஆகிய எல்லாவற்றையும் கட்டளைப் பலகையைத் திறந்து பெயரைத் தட்டித்தான் ஓட்ட வேண்டும். அடுத்தடுத்த வரிகளை ஒன்றாக்கும் 'ஜாயின் லைன்ஸ்' கட்டளைக்கு மேக்கில் கன்ட்ரோல்+ஜே இருக்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் எதுவும் இல்லை. எனக்கு இது விந்தையாகவே படுகிறது, ஏனென்றால் நாள் முழுவதும் தேவைப்படும் கட்டளை அது.

இணைப்பது எளிது. கன்ட்ரோல்+கே அழுத்திவிட்டு கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் ஷார்ட்கட் பட்டியல் திறக்கும். கட்டளையின் பெயரைத் தேடி, அதன்மேல் இரட்டைச் சொடுக்கு சொடுக்கி, விரும்பிய விசைகளை அழுத்தினால் போதும். கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்றால் அதே பட்டியலின் மேல்மூலையில் இருக்கும் குறியைச் சொடுக்கி, 'கீபைண்டிங்ஸ்.ஜேசன்' கோப்பை நேரடியாகத் திறக்கலாம். உண்மையான ஆற்றல் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

அதில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பகுதிகள்: விசை, கட்டளை, 'வென்' என்ற நிபந்தனை. மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நிபந்தனை இருந்தால் ஒரே விசை பைத்தான் கோப்பில் ஒன்றையும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் இன்னொன்றையும் செய்யும். எதையாவது தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும் வேலை செய்யும். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், இருக்கும்போது பேசாமல் இருக்கும்.

நான் மிகுதியாகப் பயன்படுத்தும் ஷார்ட்கட் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பில்லிங் மென்பொருள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இயங்க வேண்டும் என்று முடிவானபோது, நிரலில் நேரடியாக எழுதப்பட்டிருந்த வாசகங்கள் ஒவ்வொன்றையும் ஒரு மொழிபெயர்ப்புச் செயற்கூறின் (ஃபங்ஷனின்) அடைப்புக்குறிக்குள் போட வேண்டியிருந்தது. வாசகங்கள் கோப்புகள் எங்கும் சிதறிக் கிடந்தன. எது பயனருக்குக் காட்டப்படும் வாசகம், எது உள்ளே மட்டும் பயன்படும் சொல் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே மொத்தமாகத் தேடி மாற்றவும் முடியாது. ஸ்னிப்பெட் என்பது முன்பே எழுதி வைத்த உரைத்துண்டு. அதைச் செருகும் 'இன்சர்ட் ஸ்னிப்பெட்' கட்டளையை ஒரு விசையோடு இணைத்தேன். அந்த ஸ்னிப்பெட்டின் உள்ளடக்கம் ஒரே வரி: செயற்கூறின் பெயர், திறக்கும் அடைப்புக்குறி, தேர்ந்தெடுத்த உரையைக் குறிக்கும் 'டிஎம் செலக்டட் டெக்ஸ்ட்' மாறி, மூடும் அடைப்புக்குறி. நிபந்தனையில், உரை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சேர்த்தேன். வாசகத்தைத் தேர்ந்தெடு, விசையை அழுத்து, அடுத்ததற்குப் போ. பல கர்சர்கள் இருந்தால் ஒவ்வொரு கர்சரும் தன் தேர்வைத் தன் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளும். தவறாகச் சூழ்ந்துவிட்டால் ஒரே கன்ட்ரோல்+இசட் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

இதே ஸ்னிப்பெட்டுக்குள் ஒழுங்குக்கோவை (ரெகுலர் எக்ஸ்பிரஷன், உரையின் வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) கொண்டு மாற்றமும் செய்யலாம். தேர்ந்தெடுத்த உரையில் இன்ன வடிவத்தைக் கண்டால் இன்னதாக மாற்று, கண்டதைப் பெரிய எழுத்தாக்கு என்றெல்லாம் எழுத முடியும். எக்ஸ்டென்ஷன் தேடி அலைபவர்களின் பெரும்பாலான தேவைகள் இந்த ஒரு வசதிக்குள் அடங்கிவிடும்.

பல கட்டளைகளை வரிசையாக ஓட்ட 'ரன் கமாண்ட்ஸ்' என்ற கட்டளை 2023இல் வந்தது. அதற்கு முன்பு இதற்கென்றே தனி எக்ஸ்டென்ஷன் நிறுவ வேண்டியிருந்தது. பழைய குறிப்புகளில் இன்றும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இப்போது தேவையில்லை. மாவட்டப் பட்டியல் வேலையைக்கூட இப்படி ஒரே விசைக்குள் அடக்கலாம்: வரி முடிவுகளில் கர்சர் வை, மேற்கோளும் காற்புள்ளியும் தட்டு, வரித் தொடக்கத்துக்குப் போ, மேற்கோள் தட்டு, கூடுதல் கர்சர்களை நீக்கு. ஐந்து கட்டளைகள், ஒரு விசை.

சப்ளைம் டெக்ஸ்ட் எடிட்டரிலும் இதே அமைப்புதான். அங்கே மேற்கோள் குறி தானாகச் சூழ்ந்துகொள்வதே அதன் முன்னிருப்பு விசைக் கோப்பில் ஒரு ஸ்னிப்பெட் பதிவாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்து படித்தால் சொந்தமாக எழுதுவது எப்படி என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களில் லைவ் டெம்ப்ளேட் என்ற பெயரில் இதற்கு இணையான வசதி உண்டு. உரையைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஆல்ட்+ஜே அழுத்தி, வருகிற பட்டியலில் தேர்வு செய்ய வேண்டும்.

மேக்ரோ: இன்றைக்கு மட்டும்

செய்வதை ஒரு முறை செய்து காட்டினால் எடிட்டர் அதைப் பதிந்துகொண்டு திரும்பச் செய்வதுதான் மேக்ரோ. மிகப் பழைய எண்ணம் இது. 1976இல் எம்ஐடியில் பிறந்த ஈமாக்ஸ் எடிட்டரின் பெயரே 'எடிட்டிங் மேக்ரோஸ்' என்பதன் சுருக்கம். ஆனால் விஎஸ் கோட்டில் மேக்ரோ பதிவு உள்ளமைந்த வசதியாக இல்லை. இதை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

விண்டோஸில் வேலை செய்பவர்களுக்கு, நிரல் எழுதாதவர்களுக்கும் சேர்த்து, நான் நோட்பேட்++ஐத்தான் காட்டுவேன். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் அழுத்திப் பதிவைத் தொடங்கி, ஒரு வரியில் வேலையைச் செய்து காட்டிவிட்டு, கீழம்பையும் அழுத்தி, மறுபடி கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் அழுத்தி நிறுத்த வேண்டும். பிறகு மேக்ரோ மெனுவில் கோப்பின் முடிவுவரை ஓட்டச் சொல்லலாம். சேமிக்கும்போதே பெயரும் விசையும் கேட்கும். வேறெந்த எடிட்டரிலும் பதிவிலிருந்து ஷார்ட்கட்டுக்கு இவ்வளவு குறுகிய வழியை நான் பார்த்ததில்லை. சப்ளைமில் கன்ட்ரோல்+கியூ; பதிவைத் தனிக் கோப்பாகச் சேமித்து விசைக் கோப்பில் அதன் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

மேக்ரோ எங்கே சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மேக்ரோ நன்றாக வேலை செய்வது அதைப் பதிவு செய்பவரின் பழக்கத்தைப் பொறுத்தது. வரியின் முடிவுக்குப் போக வலது அம்பை ஏழு முறை அழுத்திப் பதிவு செய்தால், ஏழு எழுத்துள்ள வரிக்கு மட்டுமே அது பொருந்தும். எண்ட் விசையை அழுத்திப் பதிவு செய்தால் எந்த வரிக்கும் பொருந்தும். சொல் சொல்லாகத் தாவ கன்ட்ரோல்+வலது அம்பு, வரித் தொடக்கத்துக்கு ஹோம், குறிப்பிட்ட குறிக்குப் போகத் தேடல். பதிவின்போது இப்படிப் பொருளுள்ள நகர்வுகளை மட்டுமே பயன்படுத்துங்கள். பதிவைத் தொடங்கும் முன் ஹோம் அழுத்திவிட்டுத் தொடங்குவதும், முடிக்கும் முன் அடுத்த வரிக்குப் போய்விடுவதும் என் விரலில் ஊறிப்போன பழக்கங்கள்.

இன்னொன்று: வெற்று வரி. பட்டியலின் நடுவே ஒரே ஒரு வெற்று வரி இருந்தாலும் மேக்ரோ அதற்கும் இரண்டு மேற்கோளும் ஒரு காற்புள்ளியும் போட்டுவிட்டுப் போகும். ஓட்டும் முன் வெற்று வரிகளை நீக்கிவிடுவது நல்லது.

விம், ஈமாக்ஸ்: விசைகளையே மொழியாக்கியவை

விம்மைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் நான் முதலில் வைத்த பிரிவினை அங்கே செல்லாது. அதில் விசை அழுத்தலே பொருளுள்ள கட்டளை.

இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. பில் ஜாய் 1976இல் விஐ எடிட்டரை எழுதியபோது நொடிக்குச் சுமார் 30 எழுத்துகள் மட்டுமே கடத்தும் 300 பாட் மோடம் வழியாகப் பணிபுரிந்தார். திரையைத் திரும்ப வரைவதே நேரம் பிடிக்கும் வேலை. ஆகவே ஒவ்வோர் எழுத்தும் நிறையச் செய்ய வேண்டியிருந்தது. அந்த மரபில் பிராம் மூலினார் 1991இல் வெளியிட்ட விம், இன்றும் அதே இலக்கணத்தில்தான் பேசுகிறது. சி, ஐ, மேற்கோள் குறி என்று மூன்றை வரிசையாக அழுத்தினால் 'மேற்கோளுக்குள் இருப்பதை மாற்று' என்று பொருள். வினை, எல்லை, பொருள் என்று ஒரு வாக்கியமாகவே அது அமைகிறது.

மேக்ரோவும் இதே எழுத்துகளால் ஆனது. கியூ, ஏ அழுத்தினால் ஏ என்ற பெயரில் பதிவு தொடங்கும். பெரிய ஐ வரித் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் எழுத விடும், மேற்கோள், எஸ்கேப். பெரிய ஏ வரி முடிவுக்கு, மேற்கோள், காற்புள்ளி, எஸ்கேப். ஜே அடுத்த வரிக்கு. கியூ அழுத்தினால் பதிவு நிற்கும். இப்போது 100, @, ஏ என்று தட்டினால் நூறு முறை ஓடும். ஆனால் கடைசி வரிக்குப் பிறகு ஜே போக இடமில்லாமல் தோற்றுவிடும் என்பதால் அங்கேயே தானாக நின்றுவிடும். எத்தனை வரி என்று எண்ண வேண்டியதே இல்லை. ஒரு நகர்வு தோற்றால் மேக்ரோ நிற்க வேண்டும் என்ற இந்த ஒரு விதி எத்தனையோ விபத்துகளைத் தடுக்கிறது. இதை நான் மனதார மெச்சுகிறேன்.

நிலையான ஷார்ட்கட்டாக்க வேண்டுமென்றால் மேப்பிங், அதாவது ஒரு விசைக்குப் பதிலாக வேறு விசைகளை ஓட்டச் சொல்வது. இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. 'மேப்' என்று எழுதினால், அந்த மேப்பிங்குக்குள் வரும் விசைகளுக்கு நீங்கள் வேறெங்கோ கொடுத்த மேப்பிங்குகளும் சேர்ந்து செயல்படும். ஒன்று இன்னொன்றை அழைத்து, சில நேரம் முடிவில்லாமல் சுற்றும். எப்போதும் 'நோரீமேப்' வகையையே எழுதுங்கள். கட்டளை கொடுக்கும் நார்மல் நிலைக்கு 'என்நோரீமேப்', தேர்வு நிலைக்கு 'எக்ஸ்நோரீமேப்'. சொந்த ஷார்ட்கட்டுகளை லீடர் விசையின் (முதலில் அழுத்தும் முன்னோட்ட விசையின்) கீழ் வைப்பது மரபு. முன்னிருப்பாக அது பின்சாய்கோடு. பலரும் இடைவெளி விசைக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

டெர்மினலில் விம் ஓட்டுபவர்கள் கன்ட்ரோல் சேர்க்கைகளைத் தவிர்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. பழைய டெர்மினல் முறையில் கன்ட்ரோல்+ஐ என்பதும் டேப் என்பதும் ஒரே குறியீடு; கன்ட்ரோல்+எம் என்பதும் என்டரும் ஒன்றே. கன்ட்ரோல்+ஐக்குப் புதிய வேலை கொடுத்தால் டேப் விசையும் அந்த வேலையைச் செய்யத் தொடங்கும்.

விஎஸ் கோட்டை விடாமல் இந்த மொழி மட்டும் வேண்டுமென்றால் இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் உள்ளன. ஒன்று விம்மைப் போல நடிக்கிறது. மற்றொன்று பின்னால் விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் எடிட்டரையே ஓட்டுகிறது. இரண்டிலும் ஒரு விலை கொடுக்க வேண்டும். கன்ட்ரோல்+டி, கன்ட்ரோல்+எஃப் போன்றவை விம்முக்கும் எடிட்டருக்கும் வெவ்வேறு பொருள் உடையவை. யாருக்கு எது என்று நீங்கள் உட்கார்ந்து பங்கு பிரிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் வேலை மெதுவாகத்தான் நடக்கும். காலக்கெடு நெருங்கும் வாரத்தில் விம் கற்கத் தொடங்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

ஈமாக்ஸைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஃப்3 பதிவைத் தொடங்கும், எஃப்4 முடிக்கும், மறுபடி எஃப்4 ஓட்டும். பதிவின் நடுவே எஃப்3 அழுத்தினால் ஓர் எண் விழும், ஒவ்வோர் ஓட்டத்திலும் அது ஒன்று கூடும். வரிகளுக்கு வரிசையெண் போட இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை. மேக்ரோவுக்குப் பெயர் சூட்டி அமைப்புக் கோப்பிலேயே எழுதி வைக்கலாம். கன்ட்ரோல்+சி அழுத்தி ஓர் எழுத்து என்னும் சேர்க்கைகள் பயனருக்கென்றே ஒதுக்கப்பட்டவை. பேக்கேஜ் எழுதுபவர்கள் அவற்றைத் தொடக் கூடாது என்பது மரபு. பிற எடிட்டர்களும் இந்த நாகரிகத்தைக் கடைப்பிடித்திருக்கலாம்.

எடிட்டருக்கு வெளியே: ஆட்டோஹாட்கீயும் விசைப்பலகை நிரலும்

விண்டோஸில் ஆட்டோஹாட்கீ, மேக்கில் காராபைனர், எல்லாவற்றிலும் இயங்கும் எஸ்பான்சோ, விசைப்பலகைக்குள்ளேயே எழுதப்படும் கியூஎம்கே. இவை எந்த எடிட்டர் என்று பார்ப்பதில்லை. மின்னஞ்சலிலும் உலாவியிலும் எடிட்டரிலும் ஒரே ஷார்ட்கட் வேண்டுமென்றால் இவைதான் வழி. அலுவலக முகவரியையோ, நாள்தோறும் அனுப்பும் ஒரு பத்தியையோ நான்கு எழுத்தில் விரித்துக்கொள்ள இவற்றுக்கு நிகரில்லை. அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதவர்களுக்கு கியூஎம்கே விசைப்பலகை ஒரு வரம், ஏனென்றால் மேக்ரோ விசைப்பலகையின் நினைவகத்திலேயே இருக்கிறது.

ஆனால் நிரலில் உள்ள உரையை மாற்றும் வேலைக்கு இவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. காரணத்தை அனுபவித்தே தெரிந்துகொண்டேன். ஒரு செயற்கூறின் நான்கு வரிச் சட்டகத்தைத் தட்டிக்கொடுக்க ஆட்டோஹாட்கீயில் எழுதி வைத்திருந்தேன். நோட்பேடில் அழகாக வந்தது. விஎஸ் கோட்டில் இரண்டு இடங்களில் குலைந்தது. முதலாவது, என்டர் அனுப்பப்பட்ட நொடியில் எடிட்டரின் பரிந்துரைப் பட்டியல் திறந்திருந்தது. என்டர் புதிய வரிக்குப் போகாமல் பட்டியலில் இருந்த ஏதோ ஒரு பெயரை ஏற்றுக்கொண்டது. இரண்டாவது, புதிய வரியில் எடிட்டர் தானே உள்தள்ளி வைத்த இடைவெளிக்கு மேல் என் ஸ்கிரிப்ட் அனுப்பிய இடைவெளியும் சேர்ந்து எல்லாம் இரட்டிப்பானது. பைத்தான் கோப்பில் அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை, பிழை. சரிசெய்யலாம் என்று கன்ட்ரோல்+இசட் அழுத்தினால், அனுப்பப்பட்டவை எல்லாம் சாதாரணத் தட்டச்சாகவே எடிட்டருக்குப் பதிவாகியிருப்பதால், துண்டு துண்டாகத்தான் பின்வாங்கியது. மறுநாள் அதே சட்டகத்தை ஸ்னிப்பெட்டாக மாற்றினேன். அன்றிலிருந்து தொல்லை இல்லை.

தேர்ந்தெடுத்த உரையை மாற்ற வேண்டுமென்றால் இக்கருவிகளுக்கு இருக்கும் ஒரே பாதை கிளிப்போர்டு: நகலெடு, மாற்று, ஒட்டு. நகல் வந்து சேரும் முன் ஒட்டினால் பழைய உரை ஒட்டப்படும். அதற்காகவே ஆட்டோஹாட்கீயில் 'கிளிப்வெயிட்' என்ற கட்டளை இருக்கிறது. நீங்கள் முன்பு நகலெடுத்து வைத்திருந்ததும் போய்விடும். எடுத்து வைத்துத் திருப்பிப் போடும் பொறுப்பும் உங்களுடையது.

சொந்த எக்ஸ்டென்ஷன் எழுதுவது இன்னொரு வழி. மாற்றத்துக்குக் கணக்கோ அகராதியோ வேறொரு கோப்பைப் பார்ப்பதோ தேவைப்பட்டால் மட்டும் அதற்குப் போங்கள். அதை முடிப்பதற்குள் ஒரு வார இறுதி போய்விடும். சந்தையிலிருந்து யாரோ எழுதிய எக்ஸ்டென்ஷனை நிறுவும்போது, அது உங்கள் கோப்புகளை உங்களைப் போலவே படிக்கவும் எழுதவும் முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு சொல்லை மேற்கோளுக்குள் போட அவ்வளவு அதிகாரம் யாருக்கும் தர வேண்டியதில்லை.

தமிழ் உரை நடுவே வரும்போது

மேலே சொன்னவை ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்து உருவானவை. தமிழ் வாசகங்கள் உள்ள கோப்பில் சில ஷார்ட்கட்டுகள் பேசாமல் தோற்கும். பெரிய எழுத்தாக்கும் கட்டளை தமிழில் ஒன்றும் செய்யாது, நமக்கு அந்தப் பேதமே இல்லை. அதனால் கெடுதலும் இல்லை.

கெடுதல் ஒழுங்குக்கோவையில் வருகிறது. சொல்லெழுத்தைக் குறிக்கும் 'பின்சாய்கோடு டபிள்யூ' என்ற குறி ஜாவாஸ்கிரிப்டிலும் விம்மிலும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றோடு நின்றுவிடும். ஒரு தமிழ் எழுத்தும் அதில் சேராது. 'எந்த மொழியின் எழுத்தும்' என்ற யூனிகோட் வகையைப் போட்டாலும் முழுதாகத் தீராது. 'கி' என்பது கணினிக்குள் ககரம் ஒன்று, இகர உயிர்க்குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். ககரம் 'எழுத்து' வகையிலும் உயிர்க்குறி 'குறி' வகையிலும் சேர்கின்றன. புள்ளியும் குறி வகைதான். எழுத்து வகையை மட்டும் கேட்டால் 'மதுரை' என்ற சொல் முதல் உயிர்க்குறியிலேயே உடைந்துவிடும். ஆகவே ஸ்னிப்பெட் மாற்றங்களில் நான் எழுத்து எது என்று சொல்வதில்லை, எல்லை எது என்றே சொல்கிறேன்: மேற்கோள் குறி அல்லாத எதுவும், வரி முறிவு அல்லாத எதுவும். எந்த மொழியிலும் அது பிழைக்கும்.

விம் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு தொல்லை. கணினியின் தமிழ் விசைப்பலகையில் எழுதிவிட்டு எஸ்கேப் அழுத்தியபின், ஜே தட்டினால் தமிழ் எழுத்துதான் விம்முக்குப் போகும், கட்டளை ஓடாது. விம்மின் 'கீமேப்' வசதியில் ஒரு தமிழ் விசையமைப்பைக் கொடுத்தால், எழுதும் நிலையில் தமிழும் கட்டளை நிலையில் ஆங்கிலமும் தானாக அமையும்.

எந்த விசையைத் தேர்வது

கட்டளையைத் தேர்வதைவிட விசையைத் தேர்வதுதான் கடினம் என்று சில நேரம் தோன்றும். விண்டோஸில் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்தால் வலது ஆல்ட்டுக்குச் சமம். 'இங்கிலீஷ் (இந்தியா)' விசையமைப்பில் கன்ட்ரோல்+ஆல்ட்+4 என்பது ₹ குறி. பில்லிங் மென்பொருள் எழுதும் எங்களுக்கு அது நாள்தோறும் தேவைப்படுகிறது. அந்தச் சேர்க்கையை வேறொன்றுக்குக் கொடுத்தால் ரூபாய்க் குறி போய்விடும்.

பாதுகாப்பான வழி இரண்டு கட்டச் சேர்க்கை. விஎஸ் கோட்டில் கன்ட்ரோல்+கே அழுத்திவிட்டு அடுத்து ஓர் எழுத்து. அந்த வரிசையில் ஏற்கெனவே சில இடங்கள் பிடிக்கப்பட்டிருந்தாலும் காலி இடம் நிறைய உண்டு. எழுத்தையும் பொருளோடு தேர்ந்தெடுங்கள், நினைவில் நிற்கும்.

ஒரு விசை எதிர்பார்த்ததைச் செய்யவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம். கட்டளைப் பலகையில் 'டாகிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் ட்ரபிள்ஷூட்டிங்' என்று தேடி ஓட்டுங்கள். பிறகு அந்த விசையை அழுத்தினால், எடிட்டருக்கு எந்த விசை வந்தது, எந்த நிபந்தனை பொருந்தியது, எந்தக் கட்டளை ஓடியது என்று வரிக்கு வரி காட்டும். விசையே வந்து சேரவில்லை என்றால் வேறொரு மென்பொருள் நடுவில் பிடித்துக்கொண்டது என்று தெரிந்துவிடும்.

அந்த இளைஞரின் கோப்பில் இப்போது மூன்று பதிவுகள் இருக்கின்றன: வரிகளைச் சேர்ப்பது, மொழிபெயர்ப்புச் செயற்கூறால் சூழ்வது, பட்டியலை மேற்கோளுக்குள் போடுவது. போன வாரம் நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். தவறி அழுத்தி அழுத்தித் தொல்லை தந்த ஒரு முன்னிருப்பு ஷார்ட்கட்டை நீக்கும் பதிவு அது. விசையை எழுதி, கட்டளையின் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் அந்த இணைப்பு அறுந்துவிடும். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவரே கண்டுபிடித்திருக்கிறார்.